மன்னிப்பும் நம்பிக்கையும்

தவறு செய்தவனை மன்னிக்க வேண்டும் என்று அறநூல்கள் கூறுகின்றன. தவறு செய்தவன் தண்டனைக்கு உரியவன் என்றும் அதே அறநூல்கள் கூறுகின்றன. இவ்விரு கடமைகளும் ஒரே மனிதரின் கையில் வந்து சேர்ந்தால் அவர் என்ன செய்வார்?

இது ஏட்டில் மட்டும் எழும் கேள்வியன்று. பள்ளித் தலைமையாசிரியர், அலுவலக மேலதிகாரி, குடும்பத் தலைவர், சேவை நிலையப் பொறுப்பாளர் என்று நம்மில் பலருக்கும் வாழ்வில் ஒருமுறையேனும் இந்த நெருக்கடி வந்தே தீரும். பணத்தைக் கையாடிய ஊழியர் கண்ணீருடன் எதிரே நிற்கிறார். வீட்டில் சிறு குழந்தைகள் இருப்பதாகச் சொல்லி அழுகிறார். மீண்டும் அவரை அதே பணப்பெட்டியின் முன் அமர்த்துவதுதான் கருணையா? வெளியே அனுப்பிவிட்டால் நாம் கல்நெஞ்சர் ஆகிவிடுவோமா?

இதைத் தெளிவாகச் சிந்திக்க, சுமார் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்ச்சி நமக்குப் பெரிதும் உதவும். அது விளையாட்டு உலகைச் சேர்ந்தது. ஆயினும் அதில் எழுந்த கேள்வி, மனிதர் கூடி வாழும் எல்லா இடங்களுக்கும் பொதுவானது.

ஒரு வீரரின் உயர்வும் வீழ்ச்சியும்

பேஸ்பால் அமெரிக்க மக்களின் உள்ளம் கவர்ந்த ஆட்டம். நமது கிரிக்கெட்டைப் போல அதிலும் ஒருவர் பந்தை வீச, மற்றொருவர் மட்டையால் அடிப்பார். ஆட்டத்தின் போக்கைப் பெரும்பாலும் முடிவு செய்பவர் பந்து வீசுபவரே. ஃபிலடெல்ஃபியா நகரில் 1849-இல் பிறந்த ஜிம் டெவ்லின் அத்தகையதொரு பந்து வீச்சாளர். கென்டக்கி மாநிலத்திலுள்ள லூயிவில் நகரத்து அணிக்காக 1876, 1877 ஆகிய இரு ஆண்டுகள் அவர் ஆடினார். 1877-ஆம் ஆண்டுப் போட்டிகளில் அந்த அணிக்காக முதல் ஆட்டம் தொடங்கி இறுதி ஆட்டம் வரை பந்து வீசியவர் அவர் ஒருவரே. வேறு யாரும் அந்த இடத்தில் நிற்கவில்லை. அவ்வாண்டு அணி பெற்ற 35 வெற்றிகளும் அவர் வீச்சில் கிடைத்தவையே. 25 தோல்விகளும் அப்படியே.

அந்தத் தோல்விகளில் சில இயல்பானவையாக இல்லை. ஆகஸ்ட் மாதத்தில் லூயிவில் அணி முதலிடத்தில் இருந்தது; கோப்பை கைக்கு எட்டிவிட்டது என்றே எல்லோரும் எண்ணினர். பிறகு கிழக்குப் பகுதிக்குச் சென்று ஆடியபோது ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றது. எளிய பந்துகள் கைநழுவின. இறுதியில் பாஸ்டன் அணி முதலிடம் பெற்றது. உள்ளூர் நாளிதழ் ஒன்று ஐயத்தை வெளிப்படையாக எழுதியது. அணியின் நிர்வாகிகள் விசாரணையைத் தொடங்கி, வீரர்களுக்கு வந்த தந்திகளைப் பார்வையிட அவர்களுடைய அனுமதியைக் கேட்டனர். சூதாடிகளுடன் நடந்த பேரம் அந்தத் தந்திகளில் இருந்தது. தோற்கப்போகும் ஆட்டத்தைக் குறிக்க ஒரு குழூஉக்குறியும் வைத்திருந்தனர். டெவ்லினும் ஜார்ஜ் ஹால் என்ற வீரரும் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். அல் நிக்கல்ஸ் என்பவரும் இதில் சிக்கினார். தந்திகளைக் காட்ட மறுத்த பில் கிரேவர் என்பவரும் சேர்த்தே நீக்கப்பட்டார். நால்வருக்கும் ஆயுட்காலத் தடை விதிக்கப்பட்டது.

டெவ்லினும் ஹாலும் ஒப்புக்கொண்ட விதம் கவனிக்கத்தக்கது. கோப்பைக்குரிய ஆட்டங்களை அல்ல, கணக்கில் சேராத காட்சி ஆட்டங்களையே தாங்கள் விட்டுக்கொடுத்ததாக அவர்கள் கூறினர். மனம் தன்னை ஏமாற்றிக்கொள்ளும் வழி இதுதான். 'இது கணக்கில் வராது' என்ற சொல்லுடன்தான் பெரும்பாலான வீழ்ச்சிகள் தொடங்குகின்றன. எந்த மனிதனும் முதல் நாளே பெரும் பாவத்தைச் செய்யத் துணிவதில்லை. அலுவலகக் காகிதம் கணக்கில் வராது. சிறிய பொய் கணக்கில் வராது. யாரும் பார்க்காத இடத்தில் செய்தது கணக்கில் வராது என்று எண்ணுகிறான். ஆனால் மனம் என்னும் ஏட்டில் பதியாத செயல் எதுவும் இல்லை. செய்த ஒவ்வொன்றும் அங்கே ஒரு சம்ஸ்காரமாகப் படிகிறது. மறுமுறை அதே செயலைச் செய்யும்போது கை நடுங்குவதில்லை.

ஐம்பது டாலர்

டெவ்லின் ஆடிய நேஷனல் லீக் என்ற அமைப்பு, 1876 பிப்ரவரியில்தான் தொடங்கப்பட்டிருந்தது. அதை உருவாக்கியவர் சிகாகோ நகர வணிகரான வில்லியம் ஹல்பர்ட். அதற்கு முன்பிருந்த சங்கம் சூதாட்டத்தாலும் ஒழுங்கின்மையாலும் மக்களின் மதிப்பை இழந்திருந்தது. புதிய அமைப்பு தூய்மையாக நடக்கும் என்ற உறுதியே ஹல்பர்ட்டின் மூலதனம். தொடங்கிய இரண்டாம் ஆண்டிலேயே அந்த உறுதியின் மீது இடி விழுந்தது.

வேலையிழந்த டெவ்லின் வறுமையில் வாடினார். 1878-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பாஸ்டன் அணியின் மேலாளரான ஹாரி ரைட்டுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். தனக்கும் மனைவிக்கும் குழந்தைக்கும் உடுத்த உடையில்லை என்றும், அன்றன்று கிடைப்பதைக் கொண்டு காலம் தள்ளுவதாகவும், மைதானத்தைப் பராமரிக்கும் வேலையேனும் தர வேண்டும் என்றும் அதில் மன்றாடினார். அவரால் முறையாக எழுதவும் இயலாது. பிழைகள் மலிந்த அக்கடிதத்தைப் படிப்பவர் மனம் இளகாமல் இராது.

பின்னொரு நாள் அவர் ஹல்பர்ட்டின் அலுவலகத்துக்கே வந்தார். அன்று நடந்ததைத் தாம் கண்டதாக, ஹல்பர்ட்டின் அணியைச் சேர்ந்த ஆல்பர்ட் ஸ்பால்டிங், 1911-இல் வெளியான தமது நூலில் எழுதியிருக்கிறார். கந்தல் உடையுடன் வந்த டெவ்லின், ஹல்பர்ட்டின் முன் மண்டியிட்டுக் கதறினார். தனக்காக இல்லாவிடினும் தன் மனைவி மக்களுக்காக மன்னிக்குமாறு வேண்டினார். ஹல்பர்ட்டின் உடல் நடுங்கியது. அவர் தமது பையிலிருந்து ஐம்பது டாலர் நோட்டு ஒன்றை எடுத்து டெவ்லினின் கையில் வைத்து அழுத்தினார். தனி மனிதனாகத் தம் உள்ளம் அவரிடம் கொண்டிருப்பதை அது காட்டும் என்றார். அடுத்த கணமே அவர் குரல் மாறியது. நீ ஆட்டத்தை விற்றவன், உன்னை நம்ப முடியாது, இனி உன் முகத்தை எனக்குக் காட்டாதே, நான் உயிரோடு இருக்கும்வரை உன் செயல் மன்னிக்கப்படாது என்னும் பொருள்படப் பேசி அனுப்பிவிட்டார்.

ஒரே மனிதர், ஒரே நிமிடம். ஒரு கை கொடுக்கிறது, மறு கை கதவை மூடுகிறது. இது கருணையா, கொடுமையா?

கடமை கெடாத கண்ணோட்டம்

ஹல்பர்ட்டைக் கல்நெஞ்சர் என்று கூறிவிட்டு நாம் எளிதாகக் கடந்துவிட முடியாது. டெவ்லினின் குற்றத்தால் துன்புற்றவர் பலர். நேர்மையாக ஆடிய அவருடைய தோழர்களின் ஓராண்டு உழைப்பு வீணாயிற்று. லூயிவில் அணி 1878-இல் களத்துக்கு வரவில்லை. காசு கொடுத்து ஆட்டம் காண வந்த உழைப்பாளி ஏமாற்றப்பட்டான். மண்டியிட்டு அழுபவர் நம் கண்ணுக்குத் தெரிகிறார். அவரால் ஏமாற்றப்பட்டவர்கள் அந்த அறையில் இல்லை. பொறுப்பில் இருப்பவர், அறையில் இல்லாதவர்களையும் நினைவில் கொள்ளக் கடமைப்பட்டவர். கண்முன் தெரியும் கண்ணீருக்காக, தெரியாத ஆயிரம் பேரின் நம்பிக்கையை விட்டுக்கொடுக்கும் இரக்கம், உண்மையில் பலவீனமே.

வள்ளுவர் அரசனுக்குரிய இயல்புகளைக் கூறும்போது செங்கோன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். கண்ணோட்டத்துக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். இரண்டும் ஒரே அரசனிடம் இருக்க வேண்டியவை. கடமைக்கு ஊறு நேராதபடி இரக்கம் காட்ட வல்லவர்க்கே உலகம் உரியது என்பது அவர் கண்ட முடிவு. இந்த அளவுகோலால் அளந்தால், ஹல்பர்ட் செய்ததில் பெரும்பகுதி சரியே. விதியை அவர் தளர்த்தவில்லை. ஆனால் பசித்தவனை வெறுங்கையுடன் அனுப்பவுமில்லை. அந்தப் பணம் லீக்கின் பணம் அன்று, அவரது சொந்தப் பணம். பொதுப் பொறுப்பை விற்றுத் தன் இரக்கத்தைக் காட்டுபவர் உலகில் பலர். தன் கையிலிருந்து கொடுத்து இரக்கத்தைக் காட்டியவர் ஹல்பர்ட்.

அப்படியானால் குறை எங்கே?

பாம்பும் பிரம்மசாரியும்

பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் கூறிய பாம்பின் கதையை அன்பர்கள் அறிவார்கள். கடிக்கக் கூடாது என்ற உபதேசத்தைப் பெற்ற பாம்பு, சீறவும் மறந்து, சிறுவர்களிடம் அடிபட்டுக் குற்றுயிராகக் கிடந்தது. திரும்பி வந்த பிரம்மசாரி, கடிக்க வேண்டாம் என்றுதான் சொன்னேன், சீற வேண்டாம் என்று சொல்லவில்லையே என்றார். தீமையைத் தடுக்கச் சீறுவது கடமை. விஷத்தைப் பிறர் உடலில் செலுத்துவது பாவம்.

டெவ்லின் மீண்டும் பந்து வீச வரக்கூடாது என்ற தடை, சீறுதல். அது ஆட்டத்தைக் காப்பதற்காக. இனி உன் முகத்தைக் காட்டாதே என்ற சொல்லோ வேறு வகை. அதனால் ஆட்டத்துக்கு எந்தப் பாதுகாப்பும் கூடவில்லை. ஒரு மனிதனின் நம்பிக்கை மட்டுமே குறைந்தது. நேஷனல் லீக் பின்னர் ஒரு தீர்மானமும் செய்தது. இந்த நால்வரின் தண்டனை என்றும் குறைக்கப்படாது, அவர்கள் சார்பில் வரும் எந்த முறையீடும் கேட்கப்படாது என்று அவர்களுக்கும் அவர்களுக்காகப் பரிந்து பேசுபவர்களுக்கும் சேர்த்தே அறிவித்தது. தண்டனை தருவது நீதி. காதை அடைத்துக்கொள்வது நீதியன்று. பாதுகாப்புக்குத் தேவையான அளவைத் தாண்டி ஒரு தண்டனை செல்லும்போது, அந்த மிகுதி எங்கிருந்து வருகிறது என்று நம் உள்ளத்தையே நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் அது நமது சினத்திலிருந்தோ அச்சத்திலிருந்தோ வருவதாக இருக்கும்.

மேலும் ஒன்று. ஹல்பர்ட்டின் கணக்கேடும் முற்றிலும் வெண்மையாக இல்லை. 1875-இல், போட்டிக் காலம் நடந்துகொண்டிருக்கும்போதே, பாஸ்டன் அணியின் சிறந்த வீரர்கள் நால்வரை மறு ஆண்டுக்காகத் தமது அணிக்கு அவர் இரகசியமாக ஒப்பந்தம் செய்துகொண்டார். அன்றைய விதிப்படி அது தவறு. பழைய சங்கம் தம்மைத் தண்டிக்கக்கூடும் என்ற நிலையும், அவர் புதிய அமைப்பைத் தொடங்கியதற்கு ஒரு காரணம். அவருடைய தவறும் டெவ்லினின் துரோகமும் ஒன்றல்ல. இரண்டையும் சமமாக நிறுத்துவது நியாயமாகாது. ஆயினும் விதியை மீறிய ஒருவருக்கு வாழ்க்கை இரண்டாம் வாய்ப்பைத் தந்தது. அவர் அதைக் கொண்டு நற்செயல் புரிந்தார். நீதியின் இருக்கையில் அமர்பவர் தமக்கு மன்னிக்கப்பட்டவற்றை ஒரு கணம் எண்ணிப் பார்த்தால், தீர்ப்பு மாறாமல் இருக்கலாம். தீர்ப்பைச் சொல்லும் குரல் நிச்சயம் மாறும்.

கடுமையான தண்டனை பிறரை நல்வழிப்படுத்துமா? ஓரளவு அச்சுறுத்தும். லூயிவில் வீரர்களுக்குத் தந்த தண்டனையால் லீக்கின் மதிப்பு உயர்ந்தது உண்மை. ஆனால் 42 ஆண்டுகளுக்குப் பிறகு, 1919-இல், சிகாகோ நகரத்து அணி ஒன்றின் வீரர்கள் இறுதிப் போட்டியையே விற்றதாக வெளிவந்து, எட்டுப் பேர் ஆயுட்காலத் தடை பெற்றனர். அச்சம் கையைத் தடுக்கலாம். மனத்தைத் தூய்மையாக்க அதனால் இயலாது. 2025 மே மாதத்தில் பேஸ்பால் ஆணையர், ஆயுட்காலத் தடை வீரரின் மரணத்துடன் முடிவடைகிறது என்று அறிவித்து, அந்த எட்டுப் பேர் உள்ளிட்ட, மறைந்த பலர் மீதான தடையை நீக்கினார். இறந்தவரால் ஆட்டத்தின் நேர்மைக்கு ஆபத்தில்லை என்பது அவர் கூறிய காரணம். தண்டனையின் நோக்கம் பாதுகாப்பே என்பதை இக்காரணம் ஒப்புக்கொள்கிறது. இதை உயிருள்ளவர் விஷயத்திலும் நாம் நினைவில் கொண்டால் எவ்வளவு நன்மை விளையும்!

அன்னையின் திண்ணை

தண்டனையும் அன்பும் ஒன்றையொன்று அழிக்காமல் இருக்க முடியும் என்பதற்கு அன்னை ஸ்ரீசாரதாதேவியின் வாழ்க்கை சான்று. ஜெயராம்பாடிக்கு அருகிலிருந்த ஊரைச் சேர்ந்த அம்ஜத் என்ற முஸ்லிம், பட்டுத்தொழில் நசித்ததால் கொள்ளையில் இறங்கியவன். அன்னையின் வீட்டு வேலைக்கு வந்த அவனுக்கு, அன்னை தமது திண்ணையிலேயே உணவளிக்கச் செய்தார். உறவுப்பெண் நளினி உணவைத் தூர நின்று எறிவதைக் கண்டதும், அப்படிக் கொடுத்தால் மனிதன் எப்படி உண்பான் என்று கடிந்து, தாமே பரிமாறினார்; அவன் உண்ட இடத்தைத் தாமே துடைத்தார். சரத் மகராஜ் எப்படித் தமக்கு மகனோ, அப்படியே அம்ஜத்தும் மகன் என்றார்.

அம்ஜத் உடனே திருந்திவிடவில்லை. பின்னரும் திருட்டு வழக்கில் சிறை சென்றான். சட்டம் தன் கடமையைச் செய்தது. விடுதலையாகி வந்தபோது அன்னை அவனிடம் குற்றப் பட்டியலைப் படிக்கவில்லை. ஏன் இத்தனை நாளாகக் காணவில்லை என்று எண்ணிக்கொண்டிருந்தேன் என்பதுபோல் வரவேற்றார். சிறைக்கதவு மூடியது; தாயின் கதவு மூடவில்லை. இரண்டும் ஒரே மனிதனின் வாழ்வில் நிகழ்ந்தன. ஒன்று மற்றொன்றுக்கு இடையூறாக இல்லை.

இங்கேதான் நம் கேள்விக்கு விடை இருக்கிறது. மன்னிப்பு வேறு, நம்பிக்கை வேறு. மன்னிப்பு நம் உள்ளத்தைப் பற்றியது. அதை இன்றே, இப்போதே, கேட்காமலும் தரலாம். நம்பிக்கை பிறருடைய நலனையும் பற்றியது. அதைத் தகுதி பார்த்து, காலம் பார்த்து, இடம் பார்த்தே தர வேண்டும். பணத்தைக் கையாடியவரிடம் மீண்டும் பணப்பெட்டியைக் கொடுக்காதது மன்னிக்காமை ஆகாது. அவருக்கு வேறு வேலை கிடைக்க உதவாததும், அவர் பெயரைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வதுமே மன்னிக்காமை. அவரைச் சபலத்துக்கு உள்ளாக்கிய அதே இடத்தில் மீண்டும் நிறுத்துவது சில சமயம் அவருக்கே செய்யும் தீங்காகும்.

விழுந்தவர் செய்ய வேண்டியது

தவறு செய்தவருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. டெவ்லின் எழுதிய கடிதத்தில் வறுமையின் கண்ணீர் இருக்கிறது. அதே கடிதத்தில், தன்மீது குற்றமில்லை, லூயிவில்காரர்களே தன்னைப் பிச்சைக்காரனாக்கினார்கள் என்ற பழியும் இருக்கிறது. அவர் பக்கத்திலும் நியாயம் இருந்திருக்கலாம். வீரர்களின் உழைப்பில் வாழ்ந்த நிர்வாகங்கள் அவர்களை எப்போதும் நேர்மையாக நடத்தியதாகக் கூற முடியாது. ஆனால் பிறர் குற்றத்தை எண்ணிக்கொண்டிருக்கும் வரை நம் குற்றத்தின் பாரம் இறங்குவதில்லை. இழந்த பொருளுக்காக அழுவது துயரம்; செய்த செயலுக்காக அழுவதே பச்சாத்தாபம். முதலாவது பழைய இடத்தைத் திரும்பக் கேட்கும். இரண்டாவது, எந்த இடம் கிடைத்தாலும் அங்கே நேர்மையாக நிற்க விரும்பும்.

அதே கடிதத்தில் மைதானத்தைப் பராமரிக்கும் வேலையை அவர் கேட்டாரே, அந்த ஒரு வரியில்தான் புதிய வாழ்வின் விதை இருந்தது. பந்து வீசிப் புகழ் பெற்ற மைதானத்தில் புல்லைச் சீர்செய்யவும் தயார் என்று சொல்லும் மனம், ஆணவம் கரைந்த மனம். அந்த நிலைக்கு வந்தவரை இறைவன் கைவிடுவதில்லை. சாதகர்களாகிய நாம், எவ்வளவு பெரிய குற்றவாளியிடமும் அந்த ஒரு வரியைத் தேடிப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

டெவ்லின் மீண்டும் லீக்கில் பந்து வீசவே இல்லை. ஹல்பர்ட் 1882 ஏப்ரலில் மறைந்தார். டெவ்லின் 1883 அக்டோபரில், 34 வயதில், காசநோயால் இறந்தார். ஹல்பர்ட்டின் பெயர் 1995-இல் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றது.

ஆனால் இக்கதையில் மற்றொரு செய்தி இருக்கிறது. பலரும் அதைக் கவனிப்பதில்லை. தம் இறுதி ஆண்டுகளில் டெவ்லின் பிறந்த ஊரான ஃபிலடெல்ஃபியாவில் காவலராகப் பணியாற்றினார். ஆட்டத்தை விற்றவர் என்று நாடே அறிந்த ஒருவரிடம், ஒரு நகரம் தன் தெருக்களைக் காக்கும் பொறுப்பைக் கொடுத்தது. லீக் தன் கதவை மூடியது. அதற்கு அது உரிமை உடையது. வேறொரு கதவு திறந்தது. அந்த மனிதர் சீருடை அணிந்து, குடும்பத்துக்கு உணவு ஈட்டி, உழைப்பாளியாக இறந்தார்.

நம் கையில் இருக்கும் ஒரு கதவை மூட வேண்டிய கடமை நமக்கு வரலாம். அப்போது தயங்காமல் மூடுவோம். மூடிய கையோடு, அவருக்குத் திறக்கக்கூடிய வேறு கதவு எது என்று அவருடன் சேர்ந்து நாமும் தேடுவோம். நம் ஒவ்வொருவரையும் எத்தனையோ முறை மன்னித்து, மீண்டும் மீண்டும் புதிய நாளைத் தரும் இறைவனுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.